கேட்பவன் பட்ட கடன்

சில மாதங்களுக்கு முன் என் அறைக்கு வந்த நண்பர் ஒருவர், என்னைவிட மூத்தவர், கட்சி அனுபவமும் உள்ளவர், அலமாரியில் இருந்த இசைத்தட்டுகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, 'இன்னுமா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?' என்றார். குரலில் கேலி இல்லை. உண்மையான ஆச்சரியம்தான். இத்தாலியில் சில பையன்கள் 1970களில் நாலைந்து வருஷம் வாசித்துவிட்டுக் கலைந்துபோன ஒரு சங்கீதத்தை, அந்த பாஷையும் சரியாகத் தெரியாமல், வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பது ரசனையா, அல்லது ரசனை ஓரிடத்தில் நின்றுபோய்விட்டதன் அடையாளமா என்று கேட்டார். அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சமாளித்தது அன்றிலிருந்து உறுத்திக்கொண்டிருக்கிறது.

அவருக்கு அந்த வகையின் பெயரே முதலில் ஒரு தொந்தரவு. 'புரோக்ரெஸிவ் ராக்' என்பதை முற்போக்கு ராக் என்று மொழிபெயர்த்தால் நம் வட்டாரத்தில் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும். பெயரைச் சூட்டியவர்களுக்கு சமுதாய முன்னேற்றம் நோக்கமில்லை; வடிவம் முன்னேறுகிறது என்பதே அவர்கள் நினைப்பு. ஆனால் இத்தாலியில், வேறெங்கும் இல்லாத அளவுக்கு, இந்த இரண்டு அர்த்தங்களும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. வடிவத்தில் முன்னேறியவனைப் பார்த்து, நீ யார் பக்கம் என்று கேட்டார்கள். நான் இங்கே பேச விரும்புவது இந்த மோதலைப் பற்றித்தான். இசையின் லட்சணங்களை மட்டும் எழுதிவிட்டுப் போவது நண்பரின் கேள்விக்குப் பதிலாகாது.

இருந்தாலும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் கிங் கிரிம்ஸனும் ஜெனிஸிஸும் இன்னும் சிலரும் ஒரு காரியத்தைத் தொடங்கினார்கள். மூன்று நிமிஷப் பாட்டு என்ற கட்டுப்பாட்டை உடைத்து, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே படைப்பாக ஆக்குவது. கிதாரோடு புல்லாங்குழலையும் ஆர்கனையும் மெல்லோட்ரானையும் சேர்ப்பது. தாளத்தை நடுவழியில் மாற்றுவது. இதை இத்தாலி எடுத்துக்கொண்ட வேகம் விசேஷமானது. வான் டர் கிராஃப் ஜெனரேட்டர் என்ற ஆங்கிலக் குழுவின் 'பான் ஹார்ட்ஸ்' 1971ல் வந்தது. சொந்த நாட்டில் அதைச் சீந்துவாரில்லை. இருட்டும் கதறலும் நிறைந்த தட்டு. அது 1972ல் இத்தாலிய விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போயிற்று. ஆபராவில் ஊறிய ஜனங்களுக்கு நீண்ட வடிவமும் உரக்கச் சொல்லப்படும் துக்கமும் அந்நியமாக இருந்திருக்காது என்பது என் ஊகம். ஊகம்தான்.

அங்கே உருவான குழுக்களின் பெயர்களே எனக்குப் பிடிக்கும். பிரெமியாட்டா ஃபோர்னேரியா மார்க்கோனி என்பது 'பரிசு பெற்ற மார்க்கோனி ரொட்டிக்கடை'. ப்ரெஷ்யா மாகாணத்தில் ஒரு சிற்றூரில் இருந்த உண்மையான ரொட்டிக்கடையின் பெயரிலிருந்து அதை எடுத்தார்கள். பாங்கோ டெல் முத்துவோ சொக்கோர்சோ என்றால் ஏறக்குறைய நம் ஊர் 'பரஸ்பர சகாய நிதி'. 1972ல் வந்த அவர்களுடைய முதல் தட்டின் உறை மண் உண்டியலின் வடிவத்தில் வெட்டப்பட்டிருந்தது. காசு போடும் துளையில் ஒரு அட்டைப் பட்டை. இழுத்தால் குழுவினரின் படங்கள் வரும். விளையாட்டு என்று அன்று நினைத்திருப்பார்கள். காசும் பாட்டும் என்ற விவகாரம் எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

ரொட்டிக்கடைக்காரர்கள் அதற்கு முன் ஒலிப்பதிவுக் கூடங்களில் பிறருக்காக வாசித்தவர்கள். ஃபப்ரீத்சியோ தெ ஆந்த்ரே 1970ல், விலக்கப்பட்ட சுவிசேஷங்களை வைத்து ஒரு பாடல் தொகுதி செய்தபோது, பின்னணியில் இருந்தது இவர்கள்தான். அதாவது இது திடீரென்று முளைத்த மேதைமை இல்லை. கூலிக்கு வாசித்துக் கை பழகியவர்கள் 1972ல் ஒரே வருஷத்தில் இரண்டு தட்டுகளைச் செய்தார்கள். ஸ்டோரியா தி உன் மினூட்டோ, பெர் உன் அமீகோ. இரண்டாவதை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்குச் சொல்ல முடியாது. வெனிஸ் பக்கத்திலிருந்து லே ஓர்மே, நேபிள்ஸிலிருந்து முகத்தில் சாயம் பூசிய ஒஸான்னா என்று வரிசை போகும். வரிசை சொல்வது ரசிகனின் வியாதி. நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரு பாட்டைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். பாங்கோவின் இரண்டாவது தட்டு 'டார்வின்!', அதுவும் 1972தான். உயிர்களின் பரிணாமத்தைப் பற்றியது. அதில் ஒரு பாட்டு ஏழரை லட்சம் ஆண்டுகளுக்கு முந்திய காலத்தில் நடக்கிறது. பாதி குரங்கான ஒரு மனிதன் ஒரு பெண்ணைப் பார்க்கிறான். ஆசைப்படுகிறான். அதைச் சொல்ல அவனிடம் சொல் கிடையாது. குரல்தான் உண்டு, அதுவும் சரியாக அமையாத குரல். இதைப் பாடுகிறவர் ஃப்ரான்செஸ்கோ தி ஜாகொமோ. பருத்த உடம்பு, தாடி, ஆபராக்காரர்களுக்குரிய உச்சஸ்தாயிக் குரல். சொல்லே இல்லாதவனின் நிலையைச் சொற்களில் பாட வேண்டிய முரண்பாட்டை அவர் தீர்க்கிற விதம் எளிமையானது. இத்தாலியச் சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடிகின்றன. பாடகன் அந்த உயிரெழுத்தைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரமும் நிற்கலாம். அவர் நிற்கிறார். சொல் முடிந்து அர்த்தம் போய்ச்சேர்ந்த பிறகும் அந்த 'ஆ' அங்கேயே இருக்கிறது.

பாஷை தெரியாமல் கேட்பது பற்றி நண்பர் சொன்ன குற்றச்சாட்டுக்கு இந்தப் பாட்டைத்தான் நான் சாட்சிக்கு அழைத்திருப்பேன். பாட்டின் விஷயம் தெரிவதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே எனக்கு அந்தக் குரலின் தவிப்பு தெரிந்திருந்தது. இதற்கு எதிர்மறையான நிரூபணமும் உண்டு. இந்தக் குழுக்களை உலகச் சந்தைக்குக் கொண்டுபோக ஆங்கிலப் பதிப்புகள் போட்டார்கள். ரொட்டிக்கடைக்காரர்களுக்கு 1973ல் பீட்டர் ஸின்ஃபீல்ட் புதிதாக ஆங்கில வரிகள் எழுதினார். லே ஓர்மேயின் 'ஃபெலோனா எ சொரோனா'வுக்குப் பீட்டர் ஹாமில் எழுதினார். இருவரும் கவிதை தெரிந்தவர்கள். எனக்கு அர்த்தம் புரிகிற பாஷை வேறு. ஆனாலும் அந்தத் தட்டுகளைத் திரும்ப எடுக்கத் தோன்றுவதில்லை. மெய்யில் இடித்து நிற்கிற சொற்களுக்கு அந்த மெட்டுகளில் இடமில்லை.

ஆனால் இந்தச் சாட்சியம் ஓரளவுக்குத்தான் செல்லும். குரல் புரிந்தது என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அந்தக் குரல் எந்தத் தெருவில், யார் நடுவே நின்று பாடியது என்று விசாரிக்காமல் இருந்துவிடலாம்.

அந்தத் தெரு அமைதியான தெரு இல்லை. 1969 டிசம்பர் 12ஆம் தேதி மிலானோவில் பியாட்சா ஃபொன்டானாவில் இருந்த ஒரு வங்கியில் குண்டு வெடித்து 17 பேர் செத்தார்கள். முதலில் பழி அராஜகவாதிகள் மேல் போடப்பட்டது; வைத்தவர்கள் நவீன பாசிஸ்டுகள் என்பது பின்னால் தெளிவாயிற்று. 1974 மே 28ல் ப்ரெஷ்யாவில் பாசிசத்துக்கு எதிரான ஒரு கூட்டத்திலேயே குண்டு வைத்தார்கள். 8 பேர் சாவு. இருபது வயதுக்காரன் ஒருவன் கச்சேரிக்குப் போவதும் ஊர்வலத்துக்குப் போவதும் ஒரே வாரத்தில் நடந்தன, பல சமயம் ஒரே கூட்டத்தோடு. 1971 ஜூலையில் மிலானோவின் விகொரெல்லி மைதானத்தில் லெட் ஸெப்பலின் வாசித்தபோது போலீஸின் கண்ணீர்ப்புகை மேடைவரை வந்தது. அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் இசை இலவசமாக வேண்டும் என்ற கோஷம் வலுத்தது. டிக்கெட் வாங்க மறுத்துக் கதவுகளை உடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். பஸ் கட்டணத்தையும் மின்கட்டணத்தையும் தாங்களே குறைத்துக் கட்டும் இயக்கம் நடந்துகொண்டிருந்த நாட்டில் இதில் ஒரு தர்க்கம் இருந்தது. எங்கள் வாழ்க்கையைப் பாடுகிறேன் என்கிறாய், அதை எங்களுக்கே ஏன் விற்கிறாய் என்பதுதான் கேள்வி.

1976 ஏப்ரல் 2ஆம் தேதி நடந்ததை இத்தாலிய இசை பற்றிப் பேசுகிறவர்கள் இன்னும் மறக்கவில்லை. ஃப்ரான்செஸ்கோ தெ கிரெகோரி, கிதாரோடு தனியாகப் பாடுகிறவர், நான் பேசும் வகையைச் சேர்ந்தவரில்லை. மிலானோவில் அவர் கச்சேரி நடந்தபோது சிலர் மேடைக்கு வந்து அவரை விசாரணை செய்தார்கள். எவ்வளவு சம்பாதிக்கிறாய், ஏன் அதைத் தொழிலாளிகளுக்குக் கொடுக்கவில்லை? மாயகோவ்ஸ்கியின் தற்கொலையை அவருக்கு உதாரணமாகச் சொன்னார்கள். அவரும் இடதுசாரிதான். அதுவே குற்றத்தை அதிகப்படுத்தியது. வலதுசாரிப் பாடகன் யாரையும் மேடையில் ஏறி யாரும் விசாரித்ததில்லை. அந்த வருஷம் ஜூனில் மிலானோவின் பார்கோ லம்ப்ரோவில் நடந்த பெரிய இளைஞர் விழாவில் கோழி ஏற்றி வந்த லாரியைக் கொள்ளையடித்தார்கள். 1977 செப்டம்பரில் ஸன்டானா வாசித்துக்கொண்டிருந்தபோது மேடையை நோக்கிப் பெட்ரோல் குண்டு வந்தது. வெளிநாட்டுக் கலைஞர்கள் சில காலம் அந்த நாட்டுப் பக்கமே வரவில்லை.

இதையெல்லாம் நான் முதலில் படித்தபோது கோபம்தான் வந்தது. காட்டுமிராண்டிகள் என்று நினைத்தேன். இப்போது அந்தக் கோபத்தை நான் முழுதாக நம்புவதில்லை. மேடைமேல் ஏறியவன் ஒரு விஷயத்தில் என்னைவிட மேலானவன். பாட்டு தன் வாழ்க்கையை மாற்றியிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தான். அந்தக் காசு விவகாரமே ஏமாற்றத்திலிருந்து வந்தது. நான் பாட்டிடம் அப்படி எதையும் கேட்டதில்லை. மாலை நேரத்தை நிறைத்தால் போதும் என்று இருந்துவிட்டேன். எதுவும் கேட்காத அன்பு உசத்தி என்று நம்மிடையே ஒரு எண்ணம் உண்டு. கலை விஷயத்தில் அது அலட்சியத்துக்கு மிக அருகே இருக்கிறது.

ஆனால் விசாரணைக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அதற்கு 1973ல் வந்த இரண்டு தட்டுகளை எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று, முஸேயோ ரோஸன்பாக் என்ற குழுவின் 'ஸரத்துஸ்த்ரா'. சான் ரெமோ கடற்கரைப் பக்கத்துப் பையன்கள். வருஷாவருஷம் காதல் பாட்டுப் போட்டி நடக்கிற ஊர். முதல் பக்கம் முழுவதும் ஐந்து பகுதிகள் கொண்ட ஒரே படைப்பு, நீட்ஷேயை வைத்து. அதில் கடைசி மனிதன் வருகிறான், நேற்றைய அரசன் வருகிறான், அதிமனிதன் வருகிறான். மணல் கடிகாரங்களின் கோவிலில் போய் முடிகிறது. உறை கறுப்பு. பல துண்டுகளை ஒட்டிச் செய்த ஒரு முகம். அந்தத் துண்டுகளில் ஒன்று முசோலினியின் மார்பளவுச் சிலை. போதும். நீட்ஷே, அதிமனிதன், கறுப்பு, முசோலினி. பாசிஸ்டுகள் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. குழு சீக்கிரத்தில் கலைந்துபோயிற்று. இதுமட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஒரே தட்டோடு கலைந்த குழுக்கள் அன்று ஏராளம்.

மற்றது, ஆரேயா என்ற குழுவின் முதல் தட்டு. அதன் தலைப்பு 'ஆர்பைட் மாஹ்ட் ஃப்ரை', உழைப்பு விடுதலை தரும் என்று ஆஷ்விட்ஸ் முகாமின் வாசலில் எழுதியிருந்த அதே வாசகம். உறைக்குள் அட்டையால் செய்த துப்பாக்கி ஒன்று. முதல் பாட்டின் தலைப்பிலேயே பாலஸ்தீனத்தின் கறுப்பு செப்டம்பர் இருக்கிறது. அரபியில் ஒரு பெண் பேசும் குரலோடு அது தொடங்குகிறது. நாஜி வாசகத்தைத் தலைப்பாக வைத்ததற்காக இவர்களை யாரும் நாஜிகள் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அபத்தமாக இருந்திருக்கும். ஆரேயா இடதுசாரிகளின் சொந்தக் குழு என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே வாசகம் கசப்பான கிண்டல் என்று உடனே புரிந்தது.

ஒரே வருஷம், ஒரே நாடு, இரண்டிலும் விலக்கப்பட்ட ஒரு அடையாளம். ஒன்றில் கிண்டலாகப் படிக்கப்பட்டது, மற்றொன்றில் வாக்குமூலமாகப் படிக்கப்பட்டது. படைப்புக்குள் இருந்த எதுவும் இந்த வித்தியாசத்தைத் தீர்மானிக்கவில்லை. இவன் நம்மாளா என்பது தீர்மானித்தது. இந்த வகை விமர்சனம் நமக்குப் பழக்கமானதுதான், இத்தாலிக்குப் போக வேண்டியதில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. அதே காலத்தில் அதே இத்தாலியில்தான் நீட்ஷேயைப் பாசிஸ்டுகளின் கையிலிருந்து மீட்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஜோர்ஜோ கொல்லியும் மத்சினோ மொன்டினாரியும் கையெழுத்துப் பிரதிகளிலிருந்து நேரே செய்த முழுப் பதிப்பை, மிலானோவின் அடெல்ஃபி பதிப்பகம் 1964லிருந்து வெளியிட்டு வந்தது. மொன்டினாரி கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். கிழக்கு ஜெர்மனியின் வைமாரில் உட்கார்ந்து அந்தக் காகிதங்களைப் படித்தவர். நீட்ஷேயின் பெயரில் உலவிய தொகுப்பு பிறர் கத்தரித்து ஒட்டியது என்று காட்டியவர்கள் இவர்கள். ஒரு கம்யூனிஸ்ட், வரி வரியாகப் படித்து, இதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த ஊரில், அட்டையைப் பார்த்தே தீர்ப்புச் சொன்னார்கள்.

நான் மட்டும் யோக்கியம் என்று சொல்லவில்லை. அந்தத் தட்டு என்னிடம் வந்த விதம் இது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நண்பர் ஒரு காஸெட்டில் பதிவு செய்து கொடுத்தார். பதிவிலிருந்து பதிவாக எத்தனை கை மாறியதோ, ஒரே இரைச்சல். உறை கிடையாது. பெட்டிமேல் பால்பாயின்ட் பேனாவில் குழுவின் பெயர் தப்பாக எழுதியிருந்தது. மெல்லோட்ரானும் ஆர்கனும் சேர்ந்து எழுந்து வரும் அந்த இறுதிப் பகுதியை ஓடவிட்டு, திருப்பி ஓடவிட்டு, நாடா நைந்துபோகிற வரையில் கேட்டேன். என் இளமையின் சத்தம் எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன். அங்கே அவர்கள் கேட்காமலே உறையைப் பார்த்தார்கள். நான் உறையைப் பார்க்காமலே கேட்டேன்.

ஏறக்குறைய பத்து வருஷம் கழித்து அதன் குறுந்தகடு கைக்கு வந்தது. உறையை முதன்முதலாகப் பார்த்தேன். அந்தச் சிலையின் தாடையை அடையாளம் கண்டுகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. அடுத்து நான் செய்ததுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம் என்று நினைக்கிறேன். எனக்கு அதிர்ச்சி வரவில்லை. சமாதானம் வந்தது. ஒரு நிமிஷத்துக்குள் நான்கைந்து சமாதானங்கள். சின்னப் பையன்கள். உறை வரைந்தது அவர்களில்லை. ஒட்டுப்படத்தில் எல்லாம்தான் இருக்கும். அரசியல் வேறு, இசை வேறு. இவற்றில் சில உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவை உண்மையா என்று விசாரித்து நான் அவற்றை அடையவில்லை. எனக்கு அவை தேவைப்பட்டன, ஆகவே வந்தன. விடுதலைத் தீர்ப்பை முதலில் எழுதிவிட்டு அப்புறம் சாட்சி தேடினேன். மிலானோ மேடையில் ஏறியவன் தண்டனையை முதலில் எழுதினான். இரண்டு பேருடைய நீதிமன்றமும் ஒன்றுதான்.

பியாட்சா ஃபொன்டானாவில் செத்தவர்களின் வீட்டார் ஒருவர் கடை ஜன்னலில் அந்த உறையைப் பார்த்திருக்கலாம். அவரிடம் என் சமாதானங்களில் எதைச் சொல்லுவேன்? அந்த ஊர் எனக்குத் தெரியாது, அந்தத் துக்கம் என்னுடையதில்லை என்பதால்தான் என் ரசனை அவ்வளவு சுத்தமாக இருந்தது. தூரத்திலிருந்து நேசிப்பவனுக்கு இந்தச் சலுகை எப்போதும் கிடைக்கிறது. சொந்த ஊர்க் கவிஞன் ஒருவனின் புத்தக அட்டையில் இப்படியொரு படம் இருந்திருந்தால் நானே எழுந்து நின்று கூச்சல் போட்டிருப்பேன்.

அதன்பிறகு ஒரு காரியம் செய்தேன். தகட்டோடு வந்த சிறு புத்தகத்தில் பாடல்கள் அச்சாகியிருந்தன. ஒரு இத்தாலிய அகராதியை வாங்கிக்கொண்டு, ஐந்து பகுதிகளையும் சொல் சொல்லாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். வினைமுற்றுகள் உதைத்தன. பாதிக்குமேல் இன்றைக்கும் சந்தேகம்தான். அடித்துத் திருத்திய நோட்டில் தலைவனைத் துதிக்கும் சொல் ஒன்றும் இல்லை, அணிவகுப்பு இல்லை, இளைஞர்கள் எழுதும் கனத்த தத்துவம் இருக்கிறது, கொஞ்சம் அசடு வழியவும் செய்கிறது. அதாவது என் சமாதானம் ஏறக்குறைய சரிதான். ஆனால் அந்த நோட்டை எழுதுவதற்கு முன் அது சரியாக இருந்ததில் எனக்குப் பங்கு எதுவும் இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அசட்டு வரிகள் எவை என்று தெரிந்தபின் அந்த இடங்களில் இசையும் கொஞ்சம் இளைத்துப்போயிற்று. இறுதிப் பகுதி இளைக்கவில்லை.

ஆரேயாவின் பாடகர் தெமெத்ரியோ ஸ்ட்ராடோஸைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1945ல் எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியாவில் கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்து, கட்டிடக்கலை படிக்க மிலானோவுக்கு வந்தவர். அறுபதுகளில் ஜனரஞ்சகப் பாட்டுப் பாடிப் பெயர் வாங்கினார். 1967ல் வந்த ஒரு பாட்டு அன்று எல்லோர் வாயிலும் இருந்தது. பிறகு ஆரேயா. அந்தக் குழுவில் அவர் பாடியதெல்லாம் பொதுவிசாரணையின் பக்கம் நின்று பாடியவைதான். ஆனால் அவர் தன்னளவில் வேறொரு விசாரணையைத் தொடங்கியிருந்தார். தன் குழந்தை பேச்சு வருவதற்கு முன் எழுப்பும் சத்தங்களைக் கவனித்தார். பேச்சு வந்ததும் அந்தச் சத்தங்கள் ஒவ்வொன்றாகக் கழிந்துபோவதையும் கவனித்தார். பாஷையைச் சம்பாதிக்க நாம் எதைக் கொடுத்தோம் என்பது அவர் கேள்வி. ஜான் கேஜின் படைப்பைப் பாடினார். 1976ல் 'மெத்ரொடோரா', 1978ல் 'கன்டாரே லா வோச்சே' என்று வெறும் குரலால் ஆன தட்டுகள். ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சுரங்கள் அவர் தொண்டையிலிருந்து வந்தன. படோவா நகரத்தின் ஒலியியல் ஆய்வாளர்கள் கருவி வைத்து அளந்தார்கள்.

அந்தத் தட்டுகளைக் கேட்பது சுகமான அனுபவம் இல்லை. நான் அவற்றை அடிக்கடி கேட்பதுமில்லை. ஆனால் பாங்கோவின் அந்தக் குரங்கு மனிதனுக்கு நடுவயது வந்துவிட்டதுபோல எனக்கு அவை தோன்றுகின்றன. சொல் இல்லாததால் தவித்தவன், எல்லாச் சொற்களும் கிடைத்தபிறகு, கோஷங்களும் கிடைத்தபிறகு, திரும்பிப் போய்ச் சொல்லுக்கு முந்தியதைத் தேடுகிறான். மற்றவர்களை மேடையில் நிறுத்திக் கேள்வி கேட்ட காலத்தில் இவர் தன் தொண்டையை நிறுத்திக் கேட்டார். இசை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை டிக்கெட் கவுன்டரில் கேட்கலாம். இவர் கேட்ட இடத்திலும் கேட்கலாம். இரண்டாவது இடத்தில் கூட்டம் இருக்காது.

1978ல் ஆரேயாவை விட்டு விலகினார். மறுவருஷம் ரத்தத்தில் கடுமையான நோய். நியூயார்க்கில் சிகிச்சை. செலவுக்குப் பணம் திரட்ட மிலானோவின் திறந்த மைதானத்தில் 1979 ஜூன் 14ஆம் தேதி கச்சேரிக்கு ஏற்பாடு செய்தார்கள். 13ஆம் தேதி அவர் இறந்துபோனார். வயது 34. கச்சேரியை நிறுத்தவில்லை. ஆரேயா வாசித்தது, பாங்கோ வாசித்தது, தனிப்பாடகர்கள் வந்தார்கள், பங்க் பையன்களும் வந்தார்கள். எவ்வளவு சம்பாதிக்கிறாய் என்று மூன்று வருஷம் முன்பு ஒருவனை நிறுத்திக் கேட்ட ஊர். அந்தத் தலைமுறையின் மிகத் தீவிரமான பாடகனுக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் இல்லை என்பது அங்கே பதிலாக வந்து நின்றது. பரஸ்பர சகாய நிதி என்று பெயர் வைத்தவர்கள் அந்த மேடையில் நின்றபோது என்ன நினைத்திருப்பார்களோ.

அதற்குப் பிறகு அந்த இசைக்கு நாட்டில் ஆதரவு வெகுவாகக் குறைந்தது. தட்டுகள் பழைய சாமான் கடைக்குப் போயின. அவற்றை மறுபடி அச்சிட்டவர்களில் முக்கியமானவர்கள் ஜப்பானியர்கள், கிங் ரெகார்ட்ஸ்காரர்கள். பாஷை தெரியாத அந்நியர்கள், என்னைப்போல. இதை நண்பரிடம் சொன்னால் 'அதுதான் நான் சொல்கிறேன், அலமாரியில்தான் பிழைத்திருக்கிறது' என்பார். முழுக்க அப்படியில்லை. 2006ல் ஜெனோவாவில் இளைஞர்கள் சிலர் ஒரு குழு தொடங்கினார்கள். பெயர் 'இல் டெம்பியோ தெல்லே கிளெஸிட்ரே', மணல் கடிகாரங்களின் கோவில். நான் நைந்துபோகக் கேட்ட அந்த இறுதிப் பகுதியின் பெயர்தான். பாட யாரைக் கூப்பிட்டார்கள் என்றால் முஸேயோ ரோஸன்பாக்கின் பழைய பாடகர் ஸ்டெஃபானோ கலீஃபியை. பாசிஸ்ட் என்று ஒருகாலத்தில் பெயர் வாங்கிய தட்டில் பாடியவர், தன் பிள்ளைகள் வயதிலிருந்தவர்களோடு 2010ல் புதிய தட்டில் பாடினார். கிழட்டுக் குரல்தான். அவரை மன்னித்தார்கள் என்றோ நிரபராதி என்று தீர்ப்பளித்தார்கள் என்றோ சொல்ல முடியாது. அவர்களுக்கு அந்தப் பகுதி வேண்டியிருந்தது.

தி ஜாகொமோ 2014 பிப்ரவரி 21ல் ரோமாபுரிக்குப் பக்கத்தில் கார் விபத்தில் இறந்தார். அன்றிரவு 'டார்வின்!' கேட்க முயன்று முடியாமல் வைத்துவிட்டேன்.

நண்பர் போன வாரம் மறுபடி வந்தார். இம்முறை சமாளிக்கவில்லை. ஸரத்துஸ்த்ராவின் உறையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவர் சிலையைக் கண்டுபிடித்துவிட்டார். 'இது என்ன?' என்றார். நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக் கொடுத்தேன். பிறகுதான் தட்டைப் போட்டேன். இருபது நிமிஷம் அவர் நோட்டைப் படிப்பதும் நிமிர்வதுமாக இருந்தார். மூன்றாம் பகுதியில் நான் கேள்விக்குறி போட்டு வைத்திருந்த ஒரு வரியைக் காட்டி இது என்ன அர்த்தம் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். தட்டு முடிந்து ஊசி சுற்றிக்கொண்டிருந்தது. அந்த வரி எங்கே வருகிறது, மறுபடி போடுங்கள் என்றார்.